வாரத்துக்கு ஒருமுறை மட்டும்

முடக்குவாதத்தை முதுமையின் தேய்மானம் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் விளையும் நோய் அது. முப்பது வயதிலும் வரும். வலிநிவாரணி வலியைத் தணிக்குமே தவிர, எலும்பு அரிக்கப்படுவதைத் தடுக்காது.

அதைக் கட்டுப்படுத்த மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கெனப் பயன்பட்டு வந்த இம்மருந்துக்கு, முடக்குவாதத்துக்கான ஒப்புதலை அமெரிக்கா 1988இல் அளித்தது. எட்டு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நான் உட்கொள்கிறேன். காலையில் விரல்கள் இறுகிக் கிடப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் ஆகலாம். அதற்குள் மனம் தளர்ந்து, பெயரில்லாப் பொடிகளை நாடுவோர் ஏராளம்.

ஆனால், பிற மாத்திரைகளைப் போல இதை நாள்தோறும் விழுங்கினால், எலும்பு மஜ்ஜை செயலிழந்து உயிரே போகலாம். பல நாடுகளில் அவ்வாறு மரணங்கள் நேர்ந்துள்ளன. கருவுற்ற பெண்கள் உட்கொள்ளலாகாது. ஏனையோருக்கும் குறித்த இடைவெளியில் இரத்தப் பரிசோதனை அவசியம். மருந்துச் சீட்டில் உட்கொள்ள வேண்டிய கிழமையைத் தமிழிலேயே எழுதித் தருமாறு நோயாளிகள் கேட்க வேண்டும். மாத்திரை அட்டையிலும் ‘வாரம் ஒருமுறை’ எனத் தமிழில் அச்சிடச் செய்வது அரசுக்குப் பெருஞ்சுமையன்று.