ஒரு தாழிக்கு எத்தனை டிபார்ட்மென்ட்?

"தம்பி, என்ன படிக்கிய?"

கல்யாண வீடு, சலூன், பஸ் ஸ்டாண்டு... எங்கே போனாலும் இந்தக் கேள்வி நம்மளை விடாது, இல்லையா ஃப்ரெண்ட்ஸ்? 'இன்ஜினீயரிங்'னு சொன்னா, "சரி, வேலை கிடைச்சிருமா?"ன்னு அடுத்த கேள்வி வரும். 'பி.எஸ்ஸி. தாவரவியல்'னா, "ஏன், வேற குரூப் கிடைக்கலையா?" 'பி.ஏ. வரலாறு'ன்னு சொல்லிட்டீங்கன்னா கேள்வியே கிடையாது. ஒரு பெருமூச்சு மட்டும்தான்!

அடியேன் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ராயகிரி. மேலே சொன்ன மூணு குரூப்பும் எங்க தெருவுலயே உண்டு. லீவுக்கு எல்லாரும் ஊருக்கு வந்தா டீக்கடை பெஞ்சுல பட்டிமன்றம்தான். "ஆராய்ச்சின்னா வெள்ளை கோட்டு போட்டு லேப்ல பண்றது. வரலாறுல என்னடே ஆராய்ச்சி? செத்துப்போன ராஜா திரும்பி வந்து சாட்சி சொல்லப்போறாரா?"ன்னு சயின்ஸ் கோஷ்டி கலாய்க்கும். வரலாறு படிக்கிற நண்பன் பதிலே பேசாம வடையைப் பிய்ப்பான்.

இந்த வழக்குக்குத் தீர்ப்பு சொல்ல நடுவர் யாரும் வர வேண்டாம் மக்களே. எங்க ஊருக்குப் பக்கத்துல மண்ணுக்குள்ள இருந்து தாழியே எழுந்து வந்திருச்சு!

எங்க சிவகிரி தாலுகாவுலதான் திருமலாபுரம் இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து இறங்கி வர்ற ரெண்டு ஓடைகளுக்கு நடுவுல உள்ள கிராமம். ஊருக்கு வடமேற்கே ஏறக்குறைய 35 ஏக்கர் பரப்புல இரும்புக்கால மக்களோட இடுகாடு. 2024 ஜூன் மாசம் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே அகழாய்வைத் தொடங்கியது. செவ்வகமா பலகைக் கற்களை நிறுத்தி, உள்ளே கூழாங்கற்களைக் கொட்டி நிரப்பி, அதுக்குள்ள தாழிகளைப் புதைச்சிருக்காங்க. பலகைக் கல் மட்டும் 35! தமிழ்நாட்டுல இந்த மாதிரி அமைப்பு கிடைச்சது இதுதான் முதல் தடவைன்னு துறை சொல்லுது. அதோட எட்டு அடி நீள இரும்பு ஈட்டி, எடை போடவே கஷ்டமான மூணு குட்டித் தங்க வளையம், கறுப்பு-சிவப்புப் பானைகள், அதுல வெள்ளைக் கோலம். ஒரு தாழியில மனுஷன், மலை, மான், ஆமைன்னு புள்ளி புள்ளியா படம் வேற வெச்சிருக்காங்க.

சரி, தாழி வெளியே வந்தாச்சு. இதை இப்போ எந்த டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்புவீங்க?

"தொல்லியல்தானே, வரலாறு டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பு"ன்னு சொல்றவங்க கொஞ்சம் பொறுங்க. தாழிக்குள்ள ஒரு கரித்துண்டு கிடக்குதுன்னு வெச்சுக்குவோம். அது எத்தனை வருஷம் பழசுன்னு வரலாற்றுப் புத்தகம் சொல்லாது, இயற்பியல்தான் சொல்லணும். உயிரோட இருக்கிற மரம் காத்துல இருந்து கார்பனை இழுக்கும்போது கொஞ்சூண்டு கார்பன்-14-ம் சேர்ந்து உள்ளே போகும். மரம் செத்ததும் வரவு நின்னுபோகும், செலவு மட்டும் தொடரும். 5,730 வருஷத்துக்கு ஒரு தடவை இருப்பு பாதியாகும். மீதி எவ்வளவுன்னு எண்ணினா வயசு தெரிஞ்சிரும். 1949-ல வில்லர்ட் லிபி இந்த முறையைச் செஞ்சு காட்டினார். 1960-ல அவருக்கு நோபல் பரிசு, அதுவும் வேதியியலுக்கு! இன்னிக்கு ஆக்ஸிலரேட்டர் வெச்சு அணுக்களை நேரடியாவே எண்ணிடறாங்க. அதனால ஒரு நெல்லுமணியே போதும்.

நெல்லுமணின்னு சும்மா பேச்சுக்குச் சொல்லலை. பழனி பக்கம் பொருந்தல்ல ஒரு பானை நெல்லு கிடைச்சது. புதுச்சேரிப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் கா.ராஜன் அதை அமெரிக்க லேபுக்கு அனுப்பினார். கி.மு. 490-னு பதில் வந்தது. நம்ம தாமிரபரணிக் கரை சிவகளையில ஒரு தாழிக்குள்ள இருந்த நெல்லுக்குக் கிடைச்ச வயசு கி.மு. 1155. நெல்லை எடுத்தது வரலாறு, எண்ணினது இயற்பியல். 'இது காட்டு நெல்லா, வயல் நெல்லா?'ன்னு கேக்கிறது யாரு? பெஞ்சுல உக்காந்திருக்கிற நம்ம தாவரவியல் அக்காதான்!

கரி இல்லைன்னா? பானை ஓட்டையே கேட்கலாம். மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் துகள்கள் நாளாக நாளாக கதிர்வீச்சைச் சேமிச்சு வெச்சுக்கும். சூளையில சுட்டா பழைய கணக்கு அழிஞ்சு, சுட்ட நாள்ல இருந்து புதுக்கணக்கு ஆரம்பிக்கும். லேப்ல தூண்டிவிட்டா சேர்த்து வெச்சதை ஒளியா கக்கிடும். நம்ம ப்ரீபெய்டு சிம் பேலன்ஸ் பாக்கிற மாதிரிதான்.

ஈட்டிக்கு வருவோம். இது நம்ம ஏரியா பாஸ். எட்டு அடி இரும்பை நீட்டணும்னா எவ்வளவு சூடு வேணும், எத்தனை தடவை அடிக்கணும், கார்பன் எவ்வளவு கலந்திருக்கு? பட்டறைப் பாடத்துல நாங்க ஒரு சின்ன இரும்புத் துண்டைச் சதுரமாக்கவே நாக்குத் தள்ளிப்போவோம்! ஈட்டித் துணுக்கை மெருகேத்தி, அமிலம் தடவி மைக்ரோஸ்கோப்புல பார்த்தா அந்தக் கொல்லன் என்ன பண்ணினான்னு உலோகவியல் ஆளுங்க படிச்சுச் சொல்லிடுவாங்க. ஐ.ஐ.டி. கான்பூர்ல இருந்த பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் டெல்லி இரும்புத் தூண் ஏன் துருப்பிடிச்சு உதிரலைன்னு வருஷக்கணக்கா துருவினார். இரும்புல இருந்த அதிகப்படி பாஸ்பரஸ் மேலே ஒரு பாதுகாப்புப் படலம் உருவாக உதவியிருக்குன்னு விளக்கினார். துருவைப் பத்தியும் டாக்டரேட் வாங்கலாம் மக்களே!

நீங்க கண்டிப்பா தெரிஞ்சுக்க வேண்டிய இன்னொருத்தர் ஷாரதா ஸ்ரீனிவாசன். ஐ.ஐ.டி. பாம்பேயில இன்ஜினீயரிங் பிசிக்ஸ் படிச்சவர். அப்புறம் லண்டன் போய் தொல்லியல்ல டாக்டரேட். ஆதிச்சநல்லூர் வெண்கலப் பாத்திரங்கள்ல வெள்ளீயம் எவ்வளவு தூக்கலா கலந்திருக்குன்னு ஆராய்ந்தவர், நடராஜர் சிலைகளோட உலோகத்துக்குக் கைரேகை எடுக்கிற மாதிரி ஈய ஐசோடோப்பு பார்த்தவர். 2019-ல பத்மஸ்ரீ. போனஸா பரதநாட்டியக் கலைஞரும்கூட! அவர்கிட்ட போய் 'என்ன குரூப்?'னு கேட்டா எந்தக் கட்டத்துல டிக் அடிப்பார்?

கெமிஸ்ட்ரி கோஷ்டிக்கும் ஒரு அதிர்ச்சி வைத்தியம் உண்டு. கீழடிப் பானை ஓடுகள்ல உள்பக்கம் கறுப்பா ஒரு பூச்சு இருக்கும். வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் அதை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வெச்சா, கார்பன் நானோ குழாய்கள் தெரிஞ்சிருக்கு. 2020-ல வெளியான அந்தக் கட்டுரை, ஓடுகளைக் கி.மு. 6-ம் நூற்றாண்டுன்னு குறிப்பிடுது. அந்தக் குயவருக்கு நானோ டெக்னாலஜி தெரியும்னு வாட்ஸ்அப்ல அடிச்சு விட்டுராதீங்க. அவருக்குத் தெரிஞ்சது பானை வனையவும் சூளை போடவும்தான். ஆனா அந்தப் பூச்சு இத்தனை நூற்றாண்டு உரியாம நின்னிருக்கே, அதுதான் விஷயம்.

எலும்பு கிடைச்சா மரபணு ஆட்கள் வருவாங்க. கீழடிக்குப் பக்கத்துல இருக்கிற கொந்தகை இடுகாட்டுல எடுத்த ரெண்டு மண்டையோடுகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஸ்கேன் பண்ணி லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச்சு. 2025-ல கம்ப்யூட்டர்ல தசையும் தோலும் ஏத்தி ரெண்டு முகங்களை வெளியிட்டாங்க. பார்த்தா, நம்ம பக்கத்து வீட்டு மாமா சாயல்! ஒரு விஷயத்தை மட்டும் மறந்துராதீங்க. மூக்கு எங்கே, தாடை எங்கேன்னு எலும்பு சொல்லும், ஆனா என்ன கலர்னு சொல்லாது. அதை இன்னிக்கு இருக்கிற தென்னிந்திய மக்களை வெச்சுத்தான் போட்டிருக்காங்க.

இப்போ கம்ப்யூட்டர் சயின்ஸ். திருமலாபுரம் உட்பட நம்ம இடங்கள்ல கிடைக்கிற பானைகள்ல கீறல் குறியீடுகள் இருக்கும். 2025 ஜனவரியில கா.ராஜனும் தொல்லியல் துறையின் ஆர்.சிவானந்தமும் தமிழ்நாட்டுல 140 இடங்கள்ல கிடைச்ச 15,000-க்கும் மேற்பட்ட ஓடுகளை அலசி, ஏறக்குறைய 60 சதவிகிதக் குறியீடுகள் சிந்துவெளிக் குறியீடுகள் மாதிரியே இருக்குன்னு சொன்னாங்க. வடிவம் ஒண்ணா இருக்குங்கிறதுதான் ஆய்வு. அதோட ஒலி என்ன, பொருள் என்னங்கிறது வேற சமாசாரம். சிந்துவெளி எழுத்தைப் படிக்கிற ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசுன்னு தமிழ்நாடு அரசு அதே மாசம் அறிவிச்சுது!

அதுக்கு முன்னாடியே 2009-ல ஒரு கூட்டணி அமைஞ்சது. ஐ.ஏ.எஸ். அதிகாரியா இருந்து கல்வெட்டு அறிஞரான ஐராவதம் மகாதேவன், வாஷிங்டன் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் பேராசிரியர் ராஜேஷ் ராவ், மும்பை டி.ஐ.எஃப்.ஆர். விஞ்ஞானிகள், சென்னை தரமணியில கணித அறிவியல் நிறுவனத்துல இருந்த இயற்பியல்காரர் ரணஜாய் அதிகாரி... எல்லாரும் சேர்ந்து 'சயின்ஸ்' இதழ்ல கட்டுரை எழுதினாங்க. ஐடியா ரொம்ப சிம்பிள். தமிழ்ல 'ங்' எழுதினா அடுத்து பெரும்பாலும் க-வோ, அதோட வரிசையில ஒண்ணோதான் வரும். ("'அங்ஙனம்'னு ஒண்ணு இருக்கேடா!"ன்னு தமிழ் படிக்கிற தங்கச்சி உடனே வந்துட்டா. அதனாலதான் பெரும்பாலும்னு போட்டிருக்கேன் தாயே!) ஒரு குறிக்கு அப்புறம் இன்னொரு குறி வர்றதுல எவ்வளவு கட்டுப்பாடு, எவ்வளவு சுதந்திரம்னு கணக்குப் போட்டப்ப, சிந்துவெளிக் குறிகள் மொழி மாதிரியே நடந்துக்குதுன்னு தெரிஞ்சது. 'அது மொழியே இல்லை'ன்னு 2004-லயே எழுதின கோஷ்டி இதை ஏத்துக்கலை. சண்டை ஓயலை. ஆனா மகாதேவன் 1977-ல குறிகளை எல்லாம் தொகுத்துப் போட்ட தொகுப்பு இல்லைன்னா, கம்ப்யூட்டருக்குத் தீனி ஏது?

அவசரப்பட்டு, 'அப்போ மெஷின்தான் எல்லாத்தையும் சொல்லுது, வரலாறு படிக்கிறவன் மண்வெட்டி பிடிச்சாப் போதும்'னு முடிவு பண்ணிராதீங்க. இங்கேதான் என் நண்பன் வடையைக் கீழே வெச்சான்.

"மாப்ள, கார்பன் தேதின்னா என்ன? மரம் எப்போ செத்ததுன்னுதான் அது சொல்லும். இரும்பை எப்போ காய்ச்சினாங்கன்னு சொல்லாது. அந்தக் கரியும் அந்த இரும்பும் ஒரே நாள்ல உள்ளே போச்சா, இல்லை பின்னாடி எலி கிலி இழுத்துட்டு வந்துச்சா? அதை மண் அடுக்கைப் பார்த்து நான்தான்ல சொல்லணும்!"

பெஞ்சு கப்சிப்.

அவன் சொன்னது லேசுப்பட்ட விஷயம் இல்லை. 2025 ஜனவரி 23-ம் தேதி 'இரும்பின் தொன்மை' அறிக்கை வெளியாச்சு. சிவகளையில இரும்போட கிடைச்ச கரிக்குக் கி.மு. 3345 வரைக்கும் தேதி வந்திருக்கு. அமெரிக்கா, லக்னோ, அகமதாபாத்னு மூணு லேப்ல சோதனை. உலகத்துலயே இரும்பு உருக்கினதுல நாமதான் ரொம்ப முந்தின ஆளுங்களான்னு கேள்வி கிளம்பியாச்சு. 'இன்னும் நிறைய இடத்துல, இன்னும் நிறைய தேதி வேணும்'னு சில அறிஞர்கள் சொல்றாங்க. அந்தச் சந்தேகத்தை லேப் மட்டும் தீர்க்க முடியாது. எந்த அடுக்கு, எந்தத் தாழி, எவ்வளவு ஆழம்னு தோண்டின ஆள் எழுதி வெச்ச நோட்டுதான் சாட்சி. அந்த நோட்டு தப்பாப்போனா ஆக்ஸிலரேட்டர் சொல்ற நம்பருக்கு மதிப்பே இல்லை.

இன்னொண்ணு, தாழியை ஒரே ஒரு தடவைதான் திறக்க முடியும். நம்ம லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரி 'ரீடிங் தப்பு, ரிப்பீட் பண்ணு'ங்கிற கதையே கிடையாது. ஆதிச்சநல்லூரை 1876-ல ஜெர்மனிக்காரர் யாகோர் தோண்டி பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899-ல இருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரியா தோண்டினார். அப்போ கார்பன் கணக்கும் கிடையாது, டி.என்.ஏ.வும் கிடையாது. ஒரு கரித்துண்டைப் பத்திரப்படுத்தணும்னு அன்னிக்கு யாருக்குத் தோணியிருக்கும்? 2004-ல இந்தியத் தொல்லியல் துறை மறுபடி அங்கே இறங்கினப்போ, மிச்சம் இருந்ததுல இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இன்னிக்கு ஒரு தாழியைத் திறக்கும்போது கையுறை போடாம எலும்பைத் தொட்டாலே போச்சு. உள்ளே நம்ம டி.என்.ஏ.வும் போய் உக்காந்துக்கும்! அதனால குழிக்குள்ள இறங்குற வரலாற்று மாணவனுக்குக் கொஞ்சம் ஜெனிடிக்ஸ் தெரிஞ்சே ஆகணும். லேப்ல உக்காந்திருக்கிற பொண்ணுக்கு மண் அடுக்கு புரிஞ்சே ஆகணும்.

ஆசை வந்திருச்சா? கொஞ்சம் பர்ஸ் கணக்கும் பேசிருவோம். 'நெட்' எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினா, 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000 ரூபாய். தமிழ், வரலாறு, தொல்லியல்னு கலைப் பிரிவுக்கும் இதே தொகைதான், ஓரவஞ்சனை இல்லை. நம்ம 'கேட்' தேர்வுல 2021-ல இருந்து மானுடவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கும் ஒரு தாள் வந்தாச்சு. ஐ.ஐ.டி. காந்திநகர்ல தொல்லியல் அறிவியலுக்குன்னே தனி மையம் இருக்கு. தமிழ்நாடு தொல்லியல் துறையோட நிறுவனம் சென்னையில ரெண்டு வருஷ முதுநிலைப் பட்டயம் நடத்துது.

என் கடுப்பையும் சொல்லிடறேன். இத்தனை பல்கலைக்கழகம் வெச்சிருக்கிற நாம, ஒரு கரித்துண்டோட வயசு தெரிய ஃப்ளோரிடாவுக்கு பார்சல் அனுப்பிட்டுக் காத்திருக்கோம். டெல்லியிலயும் அகமதாபாத்லயும் கருவி இருக்கு. மதுரையிலயோ நெல்லையிலயோ ஒண்ணு வந்தா, அதை இயக்கவும் பழுது பார்க்கவும் மெக்கானிக்கல் பசங்க நாங்க ரெடி!

போன தடவை பெஞ்சுல ஓடின பட்டிமன்றம் வேற. அந்தத் தாழியில புள்ளி வெச்ச மானும் ஆமையும் எதுக்கு? தாவரவியல் அக்கா, 'அந்த மலையில அப்போ என்ன காடு இருந்திருக்கும்?'னு மகரந்தத்துக்குப் போயிட்டாங்க. தமிழ் தங்கச்சி சடங்குக்குப் போயிட்டா. நான் எந்தக் கருவியால புள்ளி வெச்சான்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். வரலாற்று நண்பன் மட்டும் வடையைக் காட்டி, "35 ஏக்கர்ல நாம தின்னது இந்த ஓரம் மட்டும்தான்ல"ன்னான்.