டி-சர்ட்டுக்குக் கூடிய கூட்டம்

ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்குக் கை கொடுக்க ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அவர்களில் தங்குபவர்கள் சிலரே.

2020 அக்டோபர் முதல் வாரத்தில் உலகெங்கும் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்களைப் பராமரிப்பவர்கள் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திகைத்துப் போனார்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து குவியல் குவியலாகத் திருத்தங்கள் வந்து கிடந்தன. பெரும்பாலானவை புரோகிராமில் எந்தப் பிழையையும் தொடவில்லை. அறிமுகக் குறிப்பின் தலைப்பில் 'அருமையான புராஜெக்ட்' என்று இரண்டு வார்த்தை சேர்த்ததுடன் சரி.

எல்லாம் ஒரு டி-சர்ட்டுக்காக. டிஜிட்டல்ஓஷன் என்ற அமெரிக்க நிறுவனம் 2014-இல் தொடங்கிய 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' விழாவில் அந்த ஆண்டின் நிபந்தனை இதுதான்: அக்டோபர் மாதத்தில் நான்கு திருத்தங்களை அனுப்புங்கள், சட்டை இலவசம். புதியவர்களின் கூச்சத்தைப் போக்கும் நோக்கம் நல்லதுதான். ஆனால் திருத்தம் அனுப்புவது எவ்வளவு சுலபம் என்று இந்தியாவின் பிரபல யூடியூப் பாடம் ஒன்று செய்து காட்ட, பார்த்தவர்கள் அதையே அச்சுப் பிசகாமல் செய்தார்கள். சில நாட்களில் விதி மாறியது. விழாவில் சேர விரும்பும் புராஜெக்ட்டுகளுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் வரும் என்றது நிறுவனம். 2023-இல் சட்டை போய் டிஜிட்டல் பேட்ஜ் வந்தது.

சட்டை இல்லாவிட்டாலும் கூட்டம் வரும் என்பது 2024 தொடக்கத்தில் தெரிந்தது. இணையதளங்களை உருவாக்க உதவும் 'எக்ஸ்பிரஸ்' சாஃப்ட்வேரின் குறிப்பில் தங்கள் பெயரை எழுதி நூற்றுக்கணக்கானவர்கள் அனுப்பினார்கள். இதற்கும் ஒரு இந்தியப் பாடம்தான் மூலம். விளக்கத்துக்காக ஆசிரியர் காட்டிய உதாரணத்தை மாணவர்கள் வீட்டுப்பாடமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மாணவர்களைத் திட்டித் தீர்ப்பது சுலபம். பலரும் திட்டவும் செய்தார்கள். ஆனால் இன்று வேலைக்கு விண்ணப்பிக்கும் இன்ஜினீயரிங் மாணவரிடம் 'ஓப்பன் சோர்ஸில் என்ன செய்திருக்கிறாய்?' என்று கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது என்று காட்டத்தான் ஆளில்லை. வழிகாட்டியும் உதவித்தொகையும் தந்து உண்மையான வேலை கொடுத்தால் இதே மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு, 2005-இல் தொடங்கிய கூகுளின் 'சம்மர் ஆஃப் கோடு' திட்டத்தில் இந்தியர்கள் பெருமளவில் இடம்பெற்று வருவதே சாட்சி.

ஆட்களைச் சேர்ப்பதில் இன்றுவரை மிஞ்ச முடியாத உதாரணம் லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காக ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிவருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பரிசு எதுவும் அறிவிக்கவில்லை. அதில் என்னென்ன வசதிகள் வேண்டும் என்று கேட்டார். கேட்டதையெல்லாம் செய்வேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவைத்தார். செப்டம்பரில் வெளியான முதல் வடிவம் வெறும் 10,000 வரி. பிழை கண்டவர்கள் திருத்தம் அனுப்ப, அவற்றைச் சேர்த்துப் புதிய வடிவங்கள் அடுத்தடுத்து வந்தன. சில நாட்களில் ஒன்றுக்கு மேல். அனுப்பியவர் தன் வேலை உலகமெங்கும் ஓடுவதை உடனே பார்த்தார். கை கொடுத்தவர்களின் பெயர்ப் பட்டியலும் சாஃப்ட்வேருடனேயே போனது. 1992-இல் ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியதும், நாம் எழுதியதை யாராவது பூட்டி வைத்துக்கொள்வார்களோ என்ற பயமும் தீர்ந்தது. இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள் ஓடுவது அதே லினக்ஸ்தான்.

டோர்வால்ட்ஸ் ஒன்றும் சாந்தமூர்த்தி அல்ல. மோசமான திருத்தம் அனுப்பியவர்களை ஆண்டுக்கணக்காகச் சொல்லால் அடித்தார். 2018 செப்டம்பரில் அதற்காக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அந்த வசவுக்குப் பயந்து எத்தனை பேர் வாசலோடு திரும்பினார்களோ, கணக்கு யாரிடமும் இல்லை.

திரும்பிப் போக வசவுகூட வேண்டாம், மௌனமே போதும். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா அமைப்பு தன் பங்களிப்பாளர்களை ஆராய்ந்தபோது, அனுப்பிய திருத்தத்தை 48 மணி நேரத்துக்குள் யாராவது பார்த்துக் கருத்துச் சொன்னால் அவர்கள் மீண்டும் வருவது மிகவும் அதிகம் என்று தெரிந்தது. மொசில்லாவில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. புதியவர்களுக்கென்று ஒதுக்கும் சின்னப் பிழைகளுடன், சந்தேகம் கேட்க வேண்டியவர் பெயரையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். 'யாராவது வந்து உதவுங்கள்' என்று பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் நகர மாட்டார்கள். 'இந்தப் பிழை, இன்னாரைக் கேள்' என்றால் ஒருவராவது உட்கார்ந்து பார்ப்பார். புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மொழிபெயர்ப்பு, பயன்படுத்தும் விளக்கம், பிழையைத் தெளிவாக எழுதித் தெரிவிப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆள் தேவை.

சிக்கல் எங்கே என்றால், 48 மணி நேரத்தில் பதில் சொல்ல அந்தப் பக்கம் ஒருவர் இருக்க வேண்டும். பல இடங்களில் இருப்பதே ஒருவர்தான். இணையத்தில் பணம், பாஸ்வேர்டு போவதைக் காக்கும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' சாஃப்ட்வேரில் 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது, அதை முழுநேரமாகக் கவனித்தவர் ஒரே ஒருவர். அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்கு 2,000 டாலர் அளவுதான். நான்கு பேரைப் பழக்கிவிட்டால் பாரம் குறையும். பழக்கவும் அவரேதான் நேரம் ஒதுக்க வேண்டும்.

அந்தக் களைப்பைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஆள் இருக்கிறது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்இஸட்' சாஃப்ட்வேரை ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2021-இல் வந்து சேர்ந்தார் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர். நல்ல திருத்தங்கள், பொறுமையான உழைப்பு. எந்தப் பராமரிப்பாளரும் கனவு காணும் பங்களிப்பாளர். 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து, வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் கொடுங்கள் என்று நெருக்கடி வந்தது. சாவி கைமாறியது. 2024 பிப்ரவரியில் வெளியான வடிவத்தில் ரகசியக் கதவு ஒன்று ஒளிந்திருந்தது. லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குள் அது போய்ச் சேரும் முன், லாக்-இன் செய்ய அரை விநாடி அதிகம் ஆவதைக் கவனித்துத் துருவினார் மைக்ரோசாஃப்ட் இன்ஜினீயர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட். மார்ச் 29 அன்று குட்டு உடைந்தது. ஜியா டான் யார் என்பது தெரியவரவில்லை. மே மாத இறுதியில் கதவு நீக்கிய புதிய வடிவம் வந்தது. வெளியிட்டவர், அதே பழைய பராமரிப்பாளர்.