கால் நீட்ட நான்கு அங்குலம்

ஆறடி உயரக்காரர் ஒருவர் டி-பக்கெட் வண்டியில் ஏறி உட்காருவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இரண்டு முழங்காலும் ஸ்டியரிங்குக்கு இருபுறமும் மடங்கி நிற்கும். பிரேக்கை மிதிக்கக் காலைத் தூக்கினால் தொடை ஸ்டியரிங்கில் இடிக்கும். முதுகைச் சாய்க்கலாம் என்றால் பின்சுவர் நிமிர்ந்து நிற்கிறது. வருடக்கணக்கில் உழைத்துச் செய்த வண்டியில் பக்கத்து ஊர்வரை போய்வருவதே தண்டனையாகிவிடும்.

டி-பக்கெட் என்பது ஹாட் ராடில் ஒரு வகை. பழைய காரின் மட்கார்டு, பானெட், கூரை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெரிய இன்ஜினைப் பூட்டி ஓட்டுவதுதான் ஹாட் ராட். கலிஃபோர்னியா இளைஞர்கள் காய்ந்த ஏரிப் படுகைகளில் வேகம் பார்த்துப் பார்த்து வளர்த்த கலை அது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு தயாரித்த மாடல் டி காரில், இருவர் உட்காரும் வாளி போன்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னால் சின்னதாக ஒரு பிக்அப் தொட்டி வைத்தால் டி-பக்கெட். 1958-ல் தொடங்கிய ‘77 சன்செட் ஸ்ட்ரிப்’ தொலைக்காட்சித் தொடரில் நார்ம் கிராபோவ்ஸ்கி கட்டிய வண்டி வந்ததும், பார்த்தவர்களுக்கெல்லாம் அந்த ஆசை பற்றிக்கொண்டது. அத்தனை பேருக்கும் பழைய தகர பாடி கிடைக்குமா? கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்த பாடிகள் அந்த இடத்தைப் பிடித்தன. நம் கடற்கரைகளில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகும் இதே சரக்குதான்.

இடம் வேண்டும் என்றதும் பலர் கிரைண்டரை எடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் இருந்த இடம் எங்கே போனது என்று பார்க்க வேண்டும். மாடல் டி-யில் இருந்தது 20 குதிரைத்திறன் கொண்ட சின்ன நான்கு சிலிண்டர் இன்ஜின். அந்த இடத்தில் செவர்லே வி8 வந்து உட்காரும்போது, அதன் டிஸ்ட்ரிபியூட்டர் பின்பக்கம் இருப்பதால், இன்ஜினுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் சுவரை உள்ளே குடைந்துவிடுகிறார்கள். குடைந்த ஒவ்வொரு அங்குலமும் உங்கள் பாதத்திடமிருந்து பிடுங்கியது. இன்னொரு திருட்டு, வண்டி தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று பாடியைச் சேஸிஸின் மேல் இறக்கி மாட்டுவது. வெளியே அழகுதான். ஆனால் பாடி இறங்கிய அளவுக்குத் தரை உள்ளே ஏறிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை தரையில். சேஸிஸின் இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவே, கால் வைக்கும் இடத்தில் மட்டும் தரையைப் பள்ளமாக இறக்கினால் முழங்கால் தானாகத் தாழும். தடித்த ஸ்பாஞ்சுக்குப் பதில் மெல்லிய, கெட்டியான மெத்தை போட்டால் தொடைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே காற்று வரும். ஸ்டியரிங் வட்டத்தைச் சிறிதாக்கலாம், பெடலை முன்னால் தள்ளலாம். ஒரு ப்ளைவுட் துண்டையும் நான்கு செங்கல்லையும் வைத்துப் போலி இருக்கை செய்து, ஓட்டப்போகிறவரையே ஷூவோடு உட்காரவைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராதவர்களுக்குத்தான் வெட்டு. அகலத்தைக் கூட்டும் ஆசையை விட்டுவிடச் சொல்வேன். நடுவே பிளந்தால் டேஷ்போர்டு, கண்ணாடிச் சட்டம், ரேடியேட்டர் வரை எல்லாமே பொருந்தாமல் போகும். நீளத்தில் மூன்று நான்கு அங்குலம் கூட்டுவது நடக்கக்கூடிய காரியம். பல டி-பக்கெட் பாடிகளில் கதவு வெறும் கோடுதான், திறக்காது. அதனால் கதவைச் சரிசெய்யும் தலைவலியும் இல்லை.

எங்கே வெட்டுவது? பக்கச் சுவரில் ஒரு நேரான சட்டத்தைப் படுக்கைவசமாக வைத்துப் பாருங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரியாத இடம்தான் வெட்டுமிடம். வளைவில் வெட்டிப் பிரித்தால் நடுவே சப்பையான ஒரு பட்டை விழும். எத்தனை பட்டி பார்த்தாலும் அது கண்ணில் உறுத்தும்.

வெட்டுவதற்கு முன் உள்ளே இரும்புச் சதுரக் குழாய்களால் முட்டுக் கொடுத்து, பாடியைச் சேஸிஸோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இல்லாவிட்டால், வார்ப்பில் அடங்கிக் கிடந்த இழுவிசை வெட்டியதும் விடுபட்டு, பாடி ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். மூலைவிட்டங்களை அளந்து சுவரிலேயே எழுதி வையுங்கள். பிரித்தபின் மறுபடி அளந்து பாருங்கள்.

இனி ஒட்டு. முழு வேலையின் உயிர் இங்கேதான். ஏற்கெனவே இறுகிப்போன ஃபைபரோடு புது ரெசின் உருகிச் சேராது, பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தப் பிடிப்புக்கு நிறையப் பரப்பு வேண்டும். எனவே விளிம்பைச் செங்குத்தாக விடாமல், தடிமனைப் போல் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் சுவருக்கு 36 மில்லிமீட்டர் சரிவு. மேற்பூச்சான ஜெல்கோட்டின் பளபளப்பு ஒரு பொட்டுகூட மிஞ்சக் கூடாது. தேய்த்த இடத்தை விரலால் தடவினால் ஓலைப்பாயைப் போல் சொரசொரப்பாக இருக்க வேண்டும். இடைவெளிக்கான பட்டையை மெழுகு தடவிய கண்ணாடித் தகட்டின் மேல் தனியாக வார்த்து எடுத்து, வெளியே நேர்ச்சட்டம் வைத்து இறுக்கிக்கொண்டு, முதலில் உட்புறம் கண்ணாடி இழை மேட் போட்டு, அது இறுகியபின் வெளிப்புறம் போட வேண்டும்.

பாலியெஸ்டர் ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம். அவசரப்பட்டு அதிகமாக ஊற்றினால் கப் கொதித்து, ரெசின் வெடிப்பு விடும். ஒரே மூச்சில் மூன்று நான்கு மேட்டுக்கு மேல் அடுக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பிடிப்புக்கு எபாக்ஸி இன்னும் நல்லது. ஆனால் சாதாரண மேட்டின் இழைகளைக் கட்டியிருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் கரையாது. அதற்கு நெய்த துணிதான் சரி. கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடியும் வேதிப்புகைக்கான வடிகட்டி முகமூடியும் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். நம் கடைகளில், ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியாகத் தருவார்கள். அதைக் கேட்டலிஸ்ட்டோடு நேராகக் கலந்தால் வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட்.

பாடி பின்பக்கம் நான்கு அங்குலம் வளர்ந்தால், பிக்அப் தொட்டியில் நான்கு அங்குலத்தைக் குறைத்துவிடலாம். அப்போது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான வீல்பேஸ் மாறாது. சேஸிஸ் பின்னால் மேலேறும் வளைவில் பாடியின் அடி முட்டுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டை எக்காரணம் கொண்டும் ஃபைபரில் மாட்டாதீர்கள். அதன் போல்ட் சேஸிஸின் இரும்பில்தான் இறங்க வேண்டும்.

பெயின்டுக்கு அவசரம் வேண்டாம். பாலியெஸ்டர் இறுகி முடித்த பிறகும் மெல்ல மெல்லச் சுருங்கிக்கொண்டிருக்கும். பிரைமர் அடித்த பாடியைச் சில வாரங்கள் வெயிலில் நிறுத்தி, தினமும் மாலையில் சாய்ந்த வெளிச்சத்தில் ஒட்டின் மேல் கண்ணை ஓட்டுங்கள். கோடு எழும்பினால் தேய்த்துவிட்டு மறுபடி வெயிலில் விடுங்கள். கறுப்பு அடிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் கூடுதலாகக் காத்திருங்கள். வெயிலில் அதிகம் சூடாவதும், சின்ன மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுப்பதும் அந்த நிறம்தான்.