சாலைக்கும் ஒரு விலை

காலை ஒன்பது மணிக்கு நம் நாட்டின் பெருநகரம் ஒன்றின் நாற்சந்தியில் நின்று பார்ப்போம். மோட்டார் கார்கள், ஆட்டோ ரிக்ஷாக்கள், மோட்டார் சைக்கிள்கள், லாரிகள், இவற்றுக்கு நடுவே நிறைந்து வழியும் ஒரு பஸ். அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள கார்களில் பெரும்பாலும் ஒருவரோ இருவரோ அமர்ந்திருக்கிறார்கள். பச்சை விளக்கு எரிந்தும் வரிசை நகரவில்லை. காரில் இருக்கும் ஒருவருடைய நேரமும் பஸ்ஸில் நிற்கும் ஐம்பது பேருடைய நேரமும் ஒன்றாகவே கரைகின்றன. இந்த நேரத்திற்கு விலை உண்டா? உண்டென்றால் அதை யார் கொடுக்கிறார்கள்? யார் கொடுக்க வேண்டும்? நூறு ஆண்டுகளாகப் பொருளாதார அறிஞர்கள் இக்கேள்விகளை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

முதலில் நெரிசலின் தன்மையைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு சாலையில் 1,000 வண்டிகள் செல்வதாகக் கற்பனை செய்வோம். ஆயிரத்தோராவது வண்டி வந்து சேருகிறது. அதனால் மற்ற வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு விநாடி தாமதம் ஏற்படுகிறதென்று வைத்துக்கொள்வோம். இரண்டு விநாடியை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஆனால் ஆயிரம் வண்டிகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 2,000 விநாடிகள். அதாவது அரை மணிக்கும் மேல். புதிதாக வந்தவர் தம் பெட்ரோல் செலவையும் தம் நேரத்தையும் எண்ணிப் பார்த்தே புறப்பட்டார். பிறர்மீது தாம் சுமத்திய அந்த அரை மணி அவர் கணக்கில் வரவில்லை. அவர் தீயவர் அல்லர். அந்தச் செலவை அவருக்குத் தெரிவிக்க ஏற்பாடு ஒன்றும் இல்லை, அவ்வளவே. சாலையில் உள்ள ஒவ்வொருவரும் இவ்வாறே கணக்கிடுவதால், எல்லோரும் சேர்ந்து எல்லோரையும் தாமதப்படுத்துகிறார்கள்.

இந்த உண்மையை 1920ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் பிகு. ஒருவர் செயலால் பிறருக்கு நேரும் செலவை, வரியாக அவரிடமே வசூலித்துவிட்டால், அவர் தம் கணக்கைச் சரியாகப் போட்டுக்கொள்வார் என்பது அவருடைய கொள்கை. இதை நகரச் சாலைகளுக்கு ஏற்ற திட்டமாக வளர்த்தவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வில்லியம் விக்ரி. கூட்டம் மிகுந்த நேரத்தில் கட்டணம் கூடுதலாகவும், கூட்டம் குறைந்த நேரத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று அவர் சுரங்க ரயிலுக்கு 1952லேயே யோசனை கூறினார். 1959ல் வாஷிங்டன் நகரத்துச் சாலைகளுக்கும் அதே முறையை எடுத்துரைத்தார். காரில் சிறு மின்கருவி ஒன்றைப் பொருத்தி, அது கடக்கும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்துக் கட்டணம் விதிக்கலாம் என்றார். அன்று அது வெறுங்கனவாகத் தோன்றியது. 1996ல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாட்களில் அவர் காலமானார்.

சாலையை அகலப்படுத்தினால் போதாதா என்று கேட்கலாம். இயல்பான கேள்விதான். ஆனால் டுராண்டன், டர்னர் என்ற இரு அறிஞர்கள் அமெரிக்க நகரங்களின் கணக்கை ஆராய்ந்து 2011ல் வெளியிட்ட முடிவு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பெருஞ்சாலையின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். நெரிசலுக்கு அஞ்சி வீட்டில் இருந்தவர்கள் புறப்படுகிறார்கள், தொலைவில் குடியேறுகிறார்கள், லாரிகளும் பெருகுகின்றன. புதிய பஸ்களையும் ரயில்களையும் விட்டாலும் இதே கதைதான். பஸ்ஸுக்கு மாறியவர் விட்டுச் சென்ற இடத்தை வேறொரு கார் பிடித்துக்கொள்கிறது. பஸ்ஸினால் பயன் இல்லை என்று இதற்குப் பொருளன்று. அதிகம் பேர் பயணம் செய்ய அது வழி செய்கிறது. ஆனால் இலவசமாகக் கிடைக்கும் சாலை தானாகக் காலியாகாது.

தடை விதிப்பது மற்றொரு வழி. தில்லியில் 2016 ஜனவரி முதல் தேதியிலிருந்து 15ஆம் தேதி வரையிலும், மறுபடி ஏப்ரல் மாதத்திலும், ஒற்றைப்படை எண் கொண்ட கார்கள் ஒரு நாளும் இரட்டைப்படை எண் கொண்டவை மறுநாளும் ஓடலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சில வாரங்களுக்கு இத்தகைய விதி ஓரளவு பயன் தரலாம். ஆனால் மெக்ஸிகோ நகரம் 1989 முதல் இத்தகைய தடையை நிரந்தரமாகவே நடத்திப் பார்த்தது. ஆராய்ச்சியில் தெரிந்தது என்ன? மக்கள் இரண்டாவது கார் வாங்கிக்கொண்டார்கள். காற்றின் தரம் உயரவில்லை. அவசரமாக மருத்துவமனைக்குச் செல்பவரையும் வெறுமனே உலாவச் செல்பவரையும் தடை ஒன்றுபோலவே நிறுத்துகிறது. கட்டணமோ முடிவை அவரவர் தேவைக்கு விடுகிறது. இதுவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இக்கொள்கையை முதன்முதலில் செயலாக்கிய பெருமை சிங்கப்பூரைச் சேர்ந்தது. 1975ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி முதல், காலை நேரத்தில் நகர மையத்திற்குள் கார் ஓட்டிச் செல்ல நாளொன்றுக்கு 3 வெள்ளி கொடுத்து ஓர் உரிமச் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று விதித்தார்கள். நால்வராகச் சேர்ந்து ஒரே காரில் வந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை. பஸ்ஸுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இல்லை. காலையில் உள்ளே நுழைந்த கார்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. ஒரு வேடிக்கையும் நடந்தது. கட்டண நேரம் 9.30 மணிக்கு முடிந்ததால், அதுவரை காத்திருந்த கார்கள் ஒரேயடியாக நுழைந்தன. உடனே நேரத்தை 10.15 வரை நீட்டினார்கள். விலைக்கு மனிதன் எவ்வளவு நுட்பமாக வளைந்துகொடுக்கிறான் என்பதற்கு இது நல்ல சான்று. 1998 செப்டம்பர் முதல் சீட்டு மறைந்தது. விக்ரி கனவு கண்டது போலவே மின்கருவி கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும் முறை வந்தது.

லண்டன் மாநகரம் 2003 பிப்ரவரி 17ஆம் தேதி நாளொன்றுக்கு 5 பவுன் கட்டணம் விதித்தது. முதல் ஆண்டில் கட்டண வட்டாரத்திற்குள் நுழைந்த வண்டிகள் நூற்றுக்கு 18 வீதமும், நெரிசலால் நேர்ந்த தாமதம் ஏறத்தாழ 30 வீதமும் குறைந்தன. காலப்போக்கில் சாலையின் ஒரு பகுதியைப் பஸ்ஸுக்கும் நடப்பவர்களுக்கும் ஒதுக்கியதாலும், சாலையைத் தோண்டும் வேலைகள் பெருகியதாலும், தாமதம் மீண்டும் தலைகாட்டியது.

ஸ்வீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோம் செய்தது இன்னும் சுவையானது. 2006 ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதங்களுக்குச் சோதனையாகவே கட்டணம் வசூலித்தார்கள். முன்கூட்டியே புதிய பஸ்களையும் விட்டிருந்தார்கள். தொடக்கத்தில் மக்களில் பெரும்பாலோர் இதை எதிர்த்தார்கள். எல்லையைக் கடந்த வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்ணால் கண்ட பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரமக்கள் கட்டணத்தை ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்ட் முதல் அது நிலைபெற்றது. காற்று தூய்மையடைந்ததால் சிறு குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமாத் தொல்லை குறைந்ததென்றும் பின்னர் வந்த ஆராய்ச்சி கூறுகிறது. இதற்கு நேர்மாறாக ஹாங்காங்கில் 1983 முதல் 1985 வரை நடந்த சோதனை, கருவிகள் நன்றாக வேலை செய்தும் கைவிடப்பட்டது. தாம் போகும் இடமெல்லாம் சர்க்காருக்குத் தெரிந்துவிடும் என்று மக்கள் அஞ்சியது அதற்கு ஒரு முக்கிய காரணம். விக்ரி பணியாற்றிய நியூயார்க் நகரிலேயே இம்முறை 2025 ஜனவரி 5ஆம் தேதிதான் தொடங்கியது. அன்று பகல் நேரக் காருக்கு விதித்த கட்டணம் 9 டாலர்.

இவை நேரத்தைப் பற்றியவை. நகரத்தின் உற்பத்தித் திறனுக்கும் இதற்கும் என்ன உறவு? நகரங்கள் ஏன் தோன்றுகின்றன என்பதை 1890ல் ஆல்பிரட் மார்ஷல் விளக்கினார். ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் ஓரிடத்தில் கூடி வாழும்போது, முதலாளிக்கு ஏற்ற ஆள் எளிதில் கிடைக்கிறான். தொழிலாளிக்கு ஏற்ற வேலை கிடைக்கிறது. உதிரிப்பொருள் செய்பவர் பக்கத்திலேயே கடை வைக்கிறார். ஒருவர் கண்ட நுட்பம் விரைவில் பலருக்குத் தெரிந்துவிடுகிறது. நகரத்தின் அளவு இரு மடங்கானால் உற்பத்தித் திறன் நூற்றுக்கு 3 முதல் 8 வீதம் வரை உயர்கிறது என்பது பல ஆராய்ச்சிகளின் பொதுவான கணிப்பு.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கூடி வாழ்பவர்கள் ஒருவரையொருவர் அடைய முடிய வேண்டும். ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தின் ஒரு கோடியில் இருப்பவர் மறு கோடியில் உள்ள வேலைக்குப் போக இயலாதென்றால், அது ஒரே நகரமன்று. அடுத்தடுத்துக் கிடக்கும் பல சிற்றூர்களே. ஆகவே, வண்டி மணிக்கு எத்தனை மைல் ஓடுகிறது என்பதைவிட, ஒருவர் ஒரு மணி நேரத்திற்குள் எத்தனை வேலைகளை எட்ட முடிகிறது என்பதே சரியான அளவுகோல். 2022ல் லண்டனில் திறக்கப்பட்ட எலிசபெத் ரயில் பாதையைத் திட்டமிட்டபோது, பயணிகளுக்கு மிச்சமாகும் நேரத்தோடு இவ்வாறு விளையும் உற்பத்திப் பெருக்கத்தையும் நன்மைக் கணக்கில் சேர்த்தார்கள்.

எட்டுவது என்பது தூரமும் நேரமும் மட்டுமன்று. தில்லிப் பல்கலைக்கழக மாணவிகளைப் பற்றி கிரிஜா போர்க்கர் செய்த ஆராய்ச்சி இதைக் காட்டுகிறது. பாதுகாப்பான வழி வேண்டும் என்பதற்காக, தமக்கு இடம் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டு, தரம் குறைந்த கல்லூரியைப் பல மாணவிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். வீதியில் நிகழும் தொல்லைக்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. அவர்கள் பெற்றிருக்கக்கூடிய கல்வியையும் வருவாயையும் நாடும் சேர்ந்தே இழக்கிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சிங்கப்பூரில் பலித்தது இங்கும் அப்படியே பலிக்குமா? இதற்கு விடை தேடி, கேப்ரியல் கிரைண்ட்லர் என்ற ஆராய்ச்சியாளர் 2017ல் பெங்களூரில் சுமார் 500 வாகன ஓட்டிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். நெரிசல் நேரத்தைத் தவிர்த்தவர்களுக்குப் பணச் சலுகை கிடைத்தது. மக்கள் புறப்படும் நேரத்தை ஓரளவு மாற்றிக்கொள்ளத் தயாராகவே இருந்தார்கள். ஆயினும் முடிவு எதிர்பாராதது. மேனாட்டுப் பெருஞ்சாலையில் ஓர் எல்லையைத் தாண்டியதும் வண்டிகள் திடீரென்று முடங்கிவிடும்; பெங்களூரிலோ வண்டிகள் கூடக் கூடத் தாமதமும் அதே அளவில் படிப்படியாகவே கூடுகிறது. எனவே உச்ச நேரத்தில் சில வண்டிகளை வேறு நேரத்திற்கு மாற்றுவதால் கிடைக்கும் லாபம் சிறியது. விரும்பாத நேரத்தில் புறப்படும் தொல்லை அந்த லாபத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது.

இந்தியாவின் 154 நகரங்களை ஆராய்ந்து 2023ல் வெளிவந்த மற்றொரு கட்டுரையும் இதற்குத் துணை நிற்கிறது. நகரத்திற்கு நகரம் வேகம் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நெரிசலன்று. சாலை காலியாக இருக்கும் வேளையிலும் பல நகரங்களில் வண்டிகள் மெதுவாகவே செல்கின்றன என்று அது கண்டது. ஆகவே, நெரிசலைக் குறைப்பதோடு சாலையமைப்பைச் சீர்திருத்துவதும் நமக்கு இன்றியமையாதது.

நியாயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டணம் ஏழையை வாட்டும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், விவசாயத்தையும் வீட்டுத் தொழிலையும் சேராத உழைப்பாளிகள் வேலைக்கு எப்படிச் செல்கிறார்கள் என்று கேட்டார்கள். காரில் செல்பவர்கள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. நடந்தும் சைக்கிளிலும் செல்பவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இலவசச் சாலையால் மிகுந்த பயன் பெறுபவர் ஏழையல்லர் என்பது இதனால் விளங்கும். ஆனால் மோட்டார் சைக்கிளில் செல்லும் குமாஸ்தாவும் சிறு வியாபாரியும் வேறு வகையினர். பஸ் வராத இடத்தில் வாழும் அவர்களுக்குக் கட்டணம் மட்டும் வந்து சேர்ந்தால், அது சீர்திருத்தமன்று, தண்டனையே ஆகும்.

2006ல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளின் நகர்ச்சியைவிட மக்களின் நகர்ச்சியே முக்கியம் என்று கூறியது. தில்லியில் 2008ல் பஸ்ஸுக்கென்று தனித்தடம் அமைத்தபோது அக்கொள்கைக்குச் சோதனை வந்தது. பஸ் விரைந்தது, காரில் செல்பவர்கள் தங்களுக்கு இடம் குறைந்துவிட்டதென்று முறையிட்டார்கள். 2012ல் உயர்நீதிமன்றம் அத்தடத்திற்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தும், சில ஆண்டுகளில் அது அகற்றப்பட்டது. எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் குரலில் மிகுந்தவர்கள் அல்லர் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

மேலே கண்ட அனுபவங்கள் ஒரு வரிசைமுறையை உணர்த்துகின்றன. முதலில் நடைபாதையும் பஸ்ஸும் செம்மைப்பட வேண்டும். அடுத்து, நகரின் நடுவே பொதுநிலத்தில் காரை இலவசமாக நிறுத்திவைக்கும் வழக்கத்திற்கு விலை வைக்கலாம். இது சாலைக் கட்டணத்தைவிட எளிது. அதன் பின், ஸ்டாக்ஹோம் செய்தது போல, சாலைக் கட்டணத்தைச் சிறிது காலம் சோதித்து, வரும் பணம் எந்த பஸ்ஸுக்கும் எந்த வீதிக்கும் செலவாகிறது என்பதை மக்களுக்குக் கணக்குக் காட்டி, அவர்கள் கருத்தைக் கேட்கலாம்.

சாலைக்கு இன்றும் ஒரு விலை இருக்கத்தான் செய்கிறது. அது ரூபாயாக வசூலிக்கப்படவில்லை, நேரமாக வசூலிக்கப்படுகிறது. ரூபாயாக வந்தால் ஊருக்கு ஒரு பஸ்ஸாவது மிஞ்சும். நேரமாகப் போவது யாருக்கும் கிடைப்பதில்லை. அந்த விலையில் பெரும்பங்கை இப்பொழுது செலுத்திக்கொண்டிருப்பவர்கள், நாற்சந்தியில் நாம் கண்ட பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும் ஐம்பது பேரே ஆவர்.