பரிமாற்ற மாணவரும் ஒரு குடும்பத்தின் கோடைக்காலமும்

அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை பல மாநிலங்களில் ஜூனில் தொடங்கி ஆகஸ்டு பிற்பகுதி வரை நீள்வதால், ஓராண்டுக் கல்விக்காக அங்கு வந்து ஒரு குடும்பத்தோடு தங்கும் பிறநாட்டு மாணவருக்குக் கோடை இருமுறை வாய்க்கிறது. ஆகஸ்டில் வந்திறங்கியது முதல் பள்ளி திறக்கும்வரை உள்ள சில வாரங்கள் முதலாவது; மறு ஆண்டு ஜூனில் தேர்வுகள் முடிந்து ஊர் திரும்பும்வரை கிடைக்கும் சில நாட்கள் இரண்டாவது. கோடைக்கென்றே ஏறத்தாழ ஒரு மாதம் வந்து செல்லும் இளையோரும் உண்டு. இவர்கள் அனைவரும் பரிமாற்ற மாணவர் எனப்படுவர். இவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்து வீட்டுப் பிள்ளைகளாக நடத்தும் இல்லத்தாரை விருந்தோம்பும் குடும்பம் என்பர். இத்தகைய குடும்பம் தன் மாணவரோடு மேற்கொள்ளும் கோடைப் பயணம் பார்வைக்கு வெறும் சுற்றுலாவாகத் தோன்றினாலும், சட்டமும் பணமும் பாதுகாப்பும் பழக்கவழக்கமும் அதில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

ஒரு நாட்டை அறிய அதன் நினைவுச் சின்னங்களைக் காண்பதைவிட அந்நாட்டு வீடொன்றில் வாழ்வதே மேல் என்னும் கருத்தை, 1932இல் 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்னும் அமைப்பைத் தொடங்கிய டொனால்டு வாட், அமெரிக்க இளைஞர்களைக் கோடைதோறும் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று நடைமுறைப்படுத்தினார். அவ்வாறு 1934இல் ஜெர்மனிக்குச் சென்றவர்களில் ஒருவரான சார்ஜன்ட் ஷ்ரைவர், பின்னாளில் 1961இல் அமெரிக்க அமைதிப்படையின் முதல் இயக்குநரானார். ஏஎஃப்எஸ் என்னும் மற்றோர் அமைப்பின் வரலாறு இதனினும் வியப்புக்குரியது: 1915இல் பிரான்சுப் போர்முனையில் காயமுற்றோரை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் படையாகப் பிறந்த அது, இரண்டாம் உலகப் போருக்குப்பின் அதன் ஓட்டுநர்களின் முயற்சியால் மாணவர் பரிமாற்ற அமைப்பாக மாறி, 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவரை அமெரிக்காவுக்கு வரவழைத்தது. ஆண்டிறுதிக் கோடையில் அம்மாணவர்கள் பேருந்துகளில் நாட்டைச் சுற்றிவருவதும், வழியிலுள்ள ஊர்களில் அறிமுகமில்லாத குடும்பங்களின் வீடுகளில் இரவு தங்குவதும் அந்த அமைப்பின் வழக்கமாக இருந்தன.

இக்குடும்பங்கள் ஊதியம் பெறுவதில்லை. ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் வரும் உயர்நிலைப் பள்ளி மாணவரை ஏற்போருக்குப் பணம் தருவதை அமெரிக்க வெளியுறவுத் துறையின் விதிகள் அனுமதிப்பதில்லை. தகுதியுள்ள அமைப்பு வழியாக ஏற்றால், வரிக் கணக்கில் மாதத்துக்கு அதிகபட்சம் 50 டாலர் வரையான செலவை நன்கொடையாகக் காட்டலாம் என்பதே அரசு தரும் சலுகை. வளரும் பிள்ளையொருவரின் ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவோடு ஒப்பிட்டால் அத்தொகை பெயரளவானது. வீட்டிலுள்ள 18 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரின் குற்றப் பின்னணியும் ஆராயப்பட்ட பின்னரே மாணவர் ஒப்படைக்கப்படுகிறார் என்பதையும், அவருக்கு ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதையும் கருதினால், ஏரிக்கரைக்குப் போய்வரும் சிறு பயணத்தின் பின்னாலும் எவ்வளவு ஏற்பாடு நிற்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்கக் கோடையின் உள்ளியல்பைக் காட்டுவதில் மாவட்டக் கண்காட்சிக்கு ஈடானது வேறில்லை எனலாம். 'கவுன்ட்டி ஃபேர்' எனப்படும் இது, ராட்டினமும் தின்பண்டக் கடைகளும் நிறைந்த திருவிழாவாகவும் வேளாண் போட்டியாகவும் ஒருங்கே விளங்குவது. இதில் முதன்மைப் பங்கு வகிப்பது '4-எச்' என்னும் இளையோர் இயக்கம். தலை, இதயம், கை, உடல்நலம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தால் பெயர்பெற்ற அது, 1914ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வேளாண் விரிவாக்கப் பணியின் வழியாகப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து இயங்குகிறது. ஜப்பானின் லாபோ என்னும் அமைப்போடு 4-எச் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, 1972 முதல் ஜப்பானியச் சிறாரும் இளையோரும் கோடையில் ஏறத்தாழ ஒரு மாதம் 4-எச் குடும்பங்களில் தங்கிச் செல்கின்றனர். அவர்கள் வரும் வேளை பெரும்பாலும் கண்காட்சிக் காலமே என்பதால், வீட்டுப் பிள்ளை பல மாதம் வளர்த்த கன்றையோ பன்றியையோ குளிப்பாட்டி, மயிர் வாரி, நடுவர் முன் நடத்திச் செல்லும் வேலையில் அவர்களும் பங்குகொள்கின்றனர். பரிசளிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது: பல இடங்களில் ஒரே ஒருவருக்கு முதற்பரிசு என்றில்லாமல், தரத்தை எட்டிய அனைவருக்கும் நீல நாடாவும், அடுத்த தரத்துக்குச் சிவப்பும், அதற்கடுத்ததற்கு வெள்ளையும் தரப்படுகின்றன. இறுதி நாட்களில் இறைச்சிக்கென வளர்த்த விலங்குகள் ஏலம் விடப்படும்போது, பெயரிட்டு வளர்த்த பிள்ளையே தன் விலங்கை விற்றுப் பணத்தைக் கல்விக்கென எடுத்துவைப்பதைக் காணும் அயல்நாட்டு மாணவர், பண்ணை வாழ்வைப் பற்றிப் புத்தகம் சொல்லாத ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். மாநில அளவிலும் இத்தகைய கண்காட்சிகள் உண்டு. வெண்ணெயால் பசுவின் உருவத்தைச் செய்துவைக்கும் வழக்கம் அயோவா மாநிலக் கண்காட்சியில் 1911 முதல் இருந்துவருகிறது.

புகழ்பெற்ற இடங்களை நாடும் குடும்பங்களும் உண்டு. நயாகரா அருவி அவற்றுள் ஒன்று. 1885இல் அமைந்த நயாகரா மாநிலப் பூங்கா அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. அங்கிருந்து மழைக்கோட்டணிந்து படகில் அருவியின் அடிவரை செல்லலாம். ஆனால் அருவியின் முழுத் தோற்றம் எதிர்க்கரையிலுள்ள கனடாவிலிருந்துதான் வாய்க்கிறது என்பதால், பாலத்தைக் கடந்து ஒரு மணிநேரம் பார்த்து வரலாமே என்று குடும்பத்தார் எண்ணுவது இயல்பு. தம் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடந்துவிடும் அவர்களுக்கு, மாணவரின் நிலை வேறு என்பது எளிதில் தோன்றாது. அமெரிக்க விசா கனடாவுக்குச் செல்லாது. இந்திய மாணவராயின் கனடா விசா தனியாக வேண்டும். திரும்பி வருவதற்கு, டிஎஸ்-2019 என்னும் பரிமாற்றத் தகுதிப் படிவத்தில் அமைப்பின் பொறுப்பாளர் பயண ஒப்பம் இட்டிருக்க வேண்டும். இவை இல்லாத மாணவரோடு அமெரிக்கக் கரையிலேயே நின்று, அங்குள்ள கோட் தீவின் விளிம்பிலிருந்து அருவியைப் பார்ப்பதே தக்கது, அக்காட்சியும் குறைந்ததன்று.

எனினும், பயணங்களுள் மிகப் பயனுள்ளது குடும்பம் ஆண்டுதோறும் வழக்கமாகப் போகும் பயணமே என்று சொல்லத் தோன்றுகிறது. மாணவருக்கென்று சிறப்பாகத் திட்டமிட்ட பயணத்தில் வீட்டார் வழிகாட்டிகளாகவும் அவர் பயணியாகவும் ஆகிவிடுகின்றனர். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 உள்ள மின்னசோட்டா மாநிலத்தில், கோடையில் வடக்கே ஏரிக்கரை மரவீட்டுக்குச் சென்று மீன்பிடித்தும் படகோட்டியும் நாட்களைக் கழிப்பது பல குடும்பங்களின் வழக்கம். ஜூன் இறுதியில் இரவு 9 மணியளவில்தான் அங்குக் கதிரவன் மறைகிறது. அதன்பின் தீமூட்டி, மார்ஷ்மெல்லோ என்னும் மென்மிட்டாயை வாட்டி, சாக்லேட்டோடு பிஸ்கட்டுகளின் நடுவே வைத்துத் தருவர். அம்மிட்டாயில் வழக்கமாகச் சேரும் ஜெலட்டின் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. எனவே சைவ உணவினரும், பன்றியிறைச்சியை விலக்கும் முஸ்லிம் மாணவரும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது. செலவுக் கணக்கும் அவ்வாறே. குடும்பத்தோடு உண்ணும் உணவு பொதுவாகக் குடும்பத்தின் பொறுப்பு; நினைவுப் பொருட்களும் தனி விருப்பங்களும் மாணவரின் கைச்செலவு; இடைப்பட்ட நுழைவுச்சீட்டும் விடுதி வாடகையும் யாருடையவை என்பதைப் புறப்படுமுன் பேசிவிட்டால் மனக்கசப்புக்கு இடமில்லை. வெளியூரில் இரவு தங்க அமைப்பின் அனுமதி பெறுவதும் பல திட்டங்களில் விதி.

நீரைப் பற்றிய செய்திதான் எல்லாவற்றிலும் முதன்மையானது. மாநிலச் சட்டம் வேறு கூறாத இடங்களில், ஓடும் படகில் 13 வயதுக்குட்பட்டோர் மிதவைச் சட்டை அணிந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் கூட்டரசின் விதி. மற்றவர்களுக்குப் படகில் ஆளுக்கொன்று இருந்தாலே போதும். ஓராண்டுத் திட்டத்தில் வரும் மாணவரோ 15 வயதைக் கடந்தவர். ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளைக் கண்டு பழகிய குடும்பம், வந்தவருக்கும் நீந்தத் தெரியும் என்றே கருதிக்கொள்ளும். புதிய வீட்டில் வெட்கப்படும் மாணவரும் தெரியாது என்று சொல்லத் தயங்குவார். ஆதலின், பிள்ளைகளை இத்திட்டங்களில் அனுப்ப எண்ணும் நம் பெற்றோர், புறப்படும் முன் அவர்களுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும். இயலாவிட்டால், நீந்தத் தெரியாது என்பதை அக்குடும்பத்துக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.