பதநீர் புளிக்காமல் காக்கும் முறை

கடையில் வாங்கிய திராட்சை ரசத்தில் ஈஸ்டு என்னும் நுண்ணுயிரைச் சேர்த்து வைத்தால், அது ரசத்திலுள்ள சர்க்கரையைச் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். வீட்டில் ஒயின் உண்டாகும் வகை இதுவே. ஆயினும், 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றமாகும்.

மீஞ்சூர், பழவேற்காடு பக்கங்களில் பனை வைத்திருப்போர் இவ்விஷயத்தில் ஜாக்கிரதையாயிருத்தல் வேண்டும். பனஞ்சாற்றுக்கு ஈஸ்டைச் சேர்க்க வேண்டுவதே இல்லை; காற்றிலும் பழைய கலயத்திலும் உள்ளதே போதும். சுண்ணாம்பில்லாக் கலயத்தில் இரவில் ஊறிய சாறு விடியுமுன்னே கள்ளாகத் தொடங்கும். மரமேறியவரின் உழைப்பு வீணாவதோடு, வழக்கிலும் சிக்க நேரும்.

கலயத்தை நன்கு கழுவி உலர்த்தி, உட்புறம் நீற்றிய சுண்ணாம்பைப் பூசிக் கட்டினால் ஈஸ்டு எளிதில் பெருகாது. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். மிகுந்தால் சுவை கெட்டு, வெல்லமும் கறுக்கும். சுண்ணாம்பும் நெடுநேரம் காவாது. ஆதலால் பதநீரை இறக்கியவுடன் வடிகட்டிக் காலதாமதமின்றிக் காய்ச்சுதல் வேண்டும்.

நுரையும் புளித்த வாடையும் கள்ளின் அடையாளங்கள்; தித்திப்பும் தெளிவும் பதநீருக்குரியவை. கிராம அதிகாரிகள் இவ்வேற்றுமையைப் பனையேறிகளுக்கு எடுத்துரைப்பது இரு சாராருக்கும் நலம் பயக்கும்.