கதை கேட்டு ஆடும் மழலையர்

விடியுமுன் பால்வெட்டுக்குப் புறப்படும் தாய், தன் குழந்தையை ஆயாக் கொட்டகையில் ஒப்படைத்துச் செல்வது தோட்ட வாழ்வில் நெடுங்கால வழக்கம். தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றின் குழந்தைகள், 'தாஸ்கா' எனப்படும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களில் வளர்கின்றனர். நான்கு வயதுக்குட்பட்டோருக்கான இந்நிலையங்களை 1984ஆம் ஆண்டின் சட்டம் நெறிப்படுத்துகிறது. கொட்டகையாயினும் நிலையமாயினும், அங்கு எழும் கேள்வி ஒன்றே: ஓரிடத்தில் நில்லாத இரண்டு வயதுக் குழந்தையை அமைதிப்படுத்துவது எங்ஙனம்?

அதட்டிப் படுக்க வைப்பதும், கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைப்பதும் எளிய வழிகளாகத் தோன்றலாம். ஆனால், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமேனும் உடலசைவில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை அறவே வேண்டாம். அதற்கு மேற்பட்ட மழலையருக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்பதும் அதன் அறிவுரை. ஆட்டம் ஓய்வுக்குப் பகையன்று. நன்கு ஆடிய குழந்தையே நன்கு ஓய்கிறது.

'சும்மா இரு' என்னும் கட்டளை மழலைக்கு விளங்குவதில்லை. கதையோ விளங்குகிறது, கேட்டதை அது உடலால் நடித்துக் காட்டுகிறது. குழந்தையின் அசைவுகளைச் செங்கீரை, சப்பாணி, வருகை எனப் பருவங்களாக்கிப் பாடியது நம் பிள்ளைத்தமிழ். 1939இல் சென்னைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையார், அமைதியையும் ஒரு விளையாட்டாகவே வகுத்தார். குழந்தைகள் அசையாதிருந்து, தம் பெயர் மெல்லிய குரலில் அழைக்கப்படுவதற்காகக் காத்திருப்பதே அவ்விளையாட்டு.

செய்முறை ஒன்றைக் காண்போம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் புறப்படுகிறது. ஆயாவே எஞ்சின், குழந்தைகள் பெட்டிகள். முதலில் மெல்ல நடை; பின்னர் கைகளைச் சக்கரமாகச் சுழற்றி விரைவு நடை. பாலம் வந்ததும் குனிதல். மழை வந்ததும் விரல்களால் தொடையில் தாளம். கிள்ளான் நெருங்க நெருங்க நடையும் ஆயாவின் குரலும் தணிய வேண்டும். நிலையத்தில் அனைவரும் அமர்ந்து, சூடான தேநீரை ஊதி ஆற்றுவதுபோல் நீளமாக மூச்சை விடுகின்றனர். அவ்வாறு விடுகையில் இதயத் துடிப்பும் தணியும். பின்னர், களைத்த ரயில் பாயில் படுக்கிறது. ஆயா ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் மெல்லச் சொல்லித் தலையை வருடுகிறார்.

இதற்குப் பத்து, பதினைந்து நிமிடங்கள் போதும். முன்னிருப்பவரின் சட்டையைப் பிடித்துச் செல்ல விடலாகாது, தடுக்கி விழுவர். தரையில் வாளி, நாற்காலி முதலியன இல்லாதிருத்தல் வேண்டும். சேர விரும்பாத குழந்தையை வற்புறுத்தாது, பார்த்திருக்க விடுக. ஒரே கதையை நாள்தோறும் சொல்லத் தயங்க வேண்டாம். அடுத்து வருவது இன்னதென அறிந்திருப்பதே மழலைக்கு ஆறுதல். மேலும், 1 முதல் 3 வயது வரையுள்ள ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது தாஸ்காக்களுக்குரிய விதி. குழந்தையைச் சேர்க்குமுன் பெற்றோர் இதனைக் கேட்டறிதல் நன்று.

இதற்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையும் தாய்மொழியில் ஒரு கதையும் போதும். வேலை முடிந்து திரும்பும் பெற்றோர், இரவில் அதே ரயிலை வீட்டிலும் ஓட்டலாம். அச்சத்தால் அடங்கும் குழந்தை, அதட்டுபவர் அகன்றதும் மீண்டும் அலைபாயும். கதையால் அமைதி கற்ற குழந்தையோ, தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளப் பழகும். அப்பழக்கம் நாளை பள்ளியிலும் அதற்குத் துணைநிற்கும் என நம்புகிறோம்.